பேரன் பெயரில் ஒரு வைஃபை

அக்காவின் மாமனார் எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அவருக்குப் பதிலாக வேண்டாம் என்று சொல்ல எப்போதும் வேறு ஏதாவது இருக்கும். கல்யாணமான புதிதில் அக்கா பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோது பஸ் வேண்டாம் என்றது. “காலையில ஏற முடியாது, சாயந்திரம் எறங்க முடியாது. நான் இன்னாம்மா பண்றது, பஸ்ஸு அப்படி.” பிறகு குழந்தை பிறந்து, அது வேண்டாம் என்றது. அதற்கு அப்போது பேச்சே வந்திருக்கவில்லை. இருந்தாலும் சொன்னதாக மாமா, அவரை நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், சொன்னார்.

இந்த முறை அக்கா இரண்டுக்கும் இடம் வைக்கவில்லை. விழுப்புரத்தில், அந்த வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தபடியே செய்கிற வேலை. ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்து எந்த நோய்க்கு எந்தக் குறியீடு என்று போடவேண்டும். தேர்வு எழுதி, இன்டர்வியூ முடித்து, எல்லாம் சரி என்றாகிவிட்டது. கடைசியாக ஒன்று மட்டும் பாக்கி. சென்னைக் கம்பெனி மூன்று நாள் சோதனை வைத்தது. திங்கள், செவ்வாய், புதன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை லைனில் இருக்கவேண்டும். வைஃபை கூடாது, கேபிள்தான். மூன்று நாளில் மூன்று தடவை அறுந்தால் மன்னிப்பு. நான்காவது தடவை அறுந்தால் கணினியே வணக்கம் சொல்லி அனுப்பிவிடும். சாப்பாட்டு நேரமும் மூன்றே முக்காலிலிருந்து நாலு மணி வரை இடைவேளையும் கணக்கில் வராது.

“நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லலம்மா,” என்றார் மாமா. “லைன் நின்னா செய்யட்டும். நிக்கலன்னா இதோட உட்டுடணும். அப்புறம் வேலை கீலைன்னு பேச்சே வரக்கூடாது. சரிதானே?”

சரி என்று சொல்லிவிட்டு அக்கா எனக்கு போன் செய்தாள். அந்த வீட்டு லைன் அடிக்கடி அறுந்து அறுந்து வருகிறதாம்.

நான் திண்டிவனத்தில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கண்ணில் படும் கம்பெனிக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டு, கை சும்மா இருக்காமல் வீட்டு நெட்வொர்க்கைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மூன்று அறை, இரண்டு ரவுட்டர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்கூட முழு சிக்னல் வரும். அங்கே போய் நெட் பார்க்கிறவர் யாரும் இல்லை என்பது வேறு விஷயம். பையில் கேபிள் சுருளும், முனையில் மாட்டும் கனெக்டர் இருபதும், அதை நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் டூலும் எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்த அம்மா, “பல்லு புடுங்கப் போறியா?” என்றாள். பஸ் ஏற்றிவிடும்போது உபதேசமும் செய்தாள்.

“சம்பந்தி வூட்டுக்குப் போற. அங்க எது தப்பா இருந்தாலும் அது உன் தப்பாத்தான் இருக்கணும். புரியுதா?”

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோதுதான் புரிந்தது. நெட்வொர்க் கோளாறு பார்க்கிறவர்கள் எவரும் கேட்கும் முதல் கேள்வி, “யாராச்சும் எதையாச்சும் தொட்டீங்களா?” எங்கள் வீட்டில் இதைத் தெருவுக்கே கேட்கும்படி கேட்பேன். பெண் வீட்டுக்காரி சம்பந்தி வீட்டு ஹாலில் நின்று அதைக் கேட்டால் அது கேள்வி இல்லை, பஞ்சாயத்து. நான் போய்ச் சேர்ந்த சனிக்கிழமை அந்தக் கேள்வியை இப்படித்தான் கேட்டேன்: “காத்துல கீத்துல ஒயரு ஆடியிருக்குமா மாமா?”

“எங்க வூட்ல காத்து அப்படியெல்லாம் அடிக்காது,” என்றார் மாமா.

அவர் பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் எதிரில் இருப்பவனிடம் டிக்கெட் இல்லை என்று நினைத்துப் பார்த்தே பழகிய கண். நான் பையிலிருந்து எடுத்து வைத்த ஒவ்வொன்றையும் அப்படித்தான் பார்த்தார்.

இன்டர்நெட் பெட்டி ஹாலில், கண்ணாடி ஷோகேஸுக்குள் இருந்தது. ஒரு பக்கம் கல்யாண போட்டோ, இன்னொரு பக்கம் மாமாவின் ஓய்வு விழாவில் கொடுத்த வெள்ளி முலாம் பஸ். வாங்கி இரண்டு வருடமாகியும் பெட்டி மேலிருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. அதற்கும் மூச்சு முட்டும் என்று சொல்ல நினைத்து, அம்மாவை நினைத்து விழுங்கிக்கொண்டேன். மாடிக்குக் கேபிள் இழுக்கச் சுவரில் சின்ன ஓட்டை போதும் என்றேன். மாமா மறுக்கவில்லை. வாஸ்து மறுத்தது. ஆகவே கேபிள் ஷோகேஸிலிருந்து இறங்கி, கதவு நிலையைச் சுற்றி, மாடிப்படிக் கைப்பிடியோடு வளைந்து வளைந்து ஏறி அக்காவின் மேஜைக்குப் போனது. நேராகப் போனால் பதினைந்தடி, போனது அறுபதடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேகம் சோதித்தபோது முள் எகிறியது. கம்பெனி கேட்டதைப் போல மூன்று மடங்கு. அக்கா என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் அதுதான் பாராட்டுப் பத்திரம்.

திங்கட்கிழமை பதினொன்று ஐந்துக்கு லைன் அறுந்தது. மூன்று நிமிடம் கழித்துத் தானாக வந்தது. சாப்பாட்டு நேரத்தில் நான் கேபிள் முனையை வெட்டிப் புது கனெக்டர் போட்டேன். நாலு பத்துக்கு மறுபடி அறுந்தது. ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் மறுமுனையையும் வெட்டிப் போட்டேன். இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் நுழைந்தால் அதனோடு யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட முதலில் அதைத்தான் பார்க்கும். நான் பார்க்கவில்லை. அதில் புத்திசாலித்தனம் காட்ட எதுவும் இல்லையே. அலைவரிசையை மாற்றினேன். பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்தேன். ஒரு நோட்டில் நேரம், வெயில், வோல்டேஜ் என்று கட்டம் போட்டு எழுதினேன். அப்புறம், பதினொரு மணிக்கு அக்காவின் மாமியார், அத்தை, மிக்சி போடுகிறார் என்று கண்டுபிடித்தேன். அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தால் ஷோகேஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

“அத்தை, நாளைக்கு ஒரு நாள் மட்டும் மிக்சி…”

“அதுக்கும் இதுக்கும் இன்னா கண்ணு சம்பந்தம்?”

“மோட்டார் சுத்தறப்ப அலை வரும் அத்தை.”

“எம் மிக்சிலயா?” என்றார் அத்தை. அவருக்கு அது கொஞ்சம் கௌரவமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கேபிள்காரர் வந்தார். சனிக்கிழமை காலையிலிருந்து “வந்துக்கினே இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஷோகேஸைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே குனிந்து பெட்டியைப் பார்த்தார்.

“பச்சை லைட்டு எரியுதா?”

“எரியுது. ஆனா நடுவுல…”

“பச்சை எரிஞ்சா எங்க சைடு ஓகே மா. உங்க சைடுதான் ஏதோ பேஜாரு.” தன் போனை எடுத்து வேகம் சோதித்துக் காட்டினார். பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை, போன் தானாகவே ஒட்டிக்கொண்டது. மாட்டிக் கொடுத்தவர்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அத்தை கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பச்சை லைட்டுக்கு இன்னொரு தரம் சாட்சி சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மிக்சி ஓடவில்லை. பதினொன்று ஏழுக்கு லைன் அறுந்தது.

“சட்டினியும் போச்சு, லைனும் போச்சு,” என்றார் அத்தை சமையலறையிலிருந்து.

அக்கா ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மாடிப்படியில் பாதி இறங்கி நின்றாள். “இன்னும் ஒரு தடவை அறுந்தா அவ்ளோதான்டி,” என்றாள். திட்டியிருந்தால் தேவலாம். திரும்பி ஏறிப் போய்விட்டாள். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “நான் ஒண்ணும் சொல்லலம்மா. பாவம், அந்த லைனுக்கே இஷ்டம் இல்ல போலக்கீது.”

மூன்று மணிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடைக்குப் போனேன். அந்த வீட்டு ஹாலில் இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் அம்மா சொன்னதை மறந்துவிடுவேன் என்று பயம். கடை வாசலில் வெயிலுக்குப் பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றைப் பந்தலாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் கீழே பெஞ்சுகள். நாலைந்து ஆட்டோக்காரர்கள், பக்கத்து லாரி ஷெட் ஆட்கள், காலேஜ் பையன்கள் என்று நிறைய பேர். எல்லோர் கையிலும் போன். சோகத்தில் அண்ணாந்து டீயை ஊற்றிக்கொண்டபோது என் அக்கா மகன் மேலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அவனுடைய காதுகுத்து பேனர். வல்லத்துக்குப் பக்கத்தில் குலதெய்வக் கோவிலில் காது குத்தி, வீட்டில் விருந்து வைத்தபோது அடித்தது. மேலே அம்மன். நடுவில் குதிரைமேல் உட்கார்ந்தது போல குழந்தை. சுற்றிலும் வட்டம் வட்டமாகப் பெரியப்பா, சித்தப்பா, மாமாவோடு வேலை பார்த்தவர்கள், கட்சியில் வட்டச் செயலாளராக இருக்கும் தூரத்து உறவு என்று முப்பது நாற்பது முகம், பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியோடு. என் அக்காவின் முகம் மட்டும் எங்கேயும் இல்லை. அவள் இல்லாமலே குழந்தை தானாகப் பிறந்துவிட்டது போலிருந்தது. அடியில் மஞ்சள் பட்டையில், அம்மன் பெயரைவிடப் பெரிய எழுத்தில்: “விழாவிற்கு வருகை தரும் அனைவருக்கும் இலவச வைஃபை வசதி உண்டு.” அதற்குக் கீழே வைஃபையின் பெயர். அதற்குக் கீழே பாஸ்வேர்டு. குழந்தையின் பெயரும் பிறந்த வருடமும். அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இன்றைக்கும் நீங்கள் கனெக்ட் ஆகிவிடுவீர்கள்.

“அண்ணே, இந்த பேனரு…” என்றேன் கடைக்காரரிடம்.

“அதா? எதுத்த வூட்டு ஐயா குடுத்தது. மூஞ்சி கீழ தெரியற மாதிரி கட்டுன்னு நின்னு கட்ட வச்சாரு. பேரனை நாலு பேரு பாக்கணும்ல.” கிளாஸைக் கழுவியபடியே பெருமையாகச் சேர்த்தார். “அது வந்தப்புறம் யாவாரம் டபுள் ஆயிடுச்சு. காலையில பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் உக்கார எடம் இருக்காது. ஏம்மா, இன்னைக்கு நெட்டு கொஞ்சம் ஸ்லோவா வருதே, நீதான் ஏதோ நோண்டிக்கினு இருக்கியாமே?”

நான் இரண்டு நாளாகக் கட்டம் போட்டு எழுதிய நோட்டில் வெயிலும் வோல்டேஜும் இருந்தன. டீ என்று ஒரு கட்டம் இல்லை.

ஓடினேன். பெட்டிக்குள் நுழைந்து பட்டியலைத் திறந்தேன். இருபத்திரண்டு பேர். அந்த வீட்டில் இருப்பது நான்கு போன். மூன்று இருபதுக்கு இருபத்து நான்கு ஆனது. மூன்று இருபத்தைந்துக்கு இருபத்தேழு. அந்தப் பெட்டி தாங்குவது முப்பத்திரண்டு. அதற்கு மேல் ஒருவர் ஏறினால் மூச்சடைத்து விழுந்து, தானாக எழுந்துகொள்ளும். அந்த மூன்று நிமிடம்தான் அக்காவின் லைன் அறுகிற நேரம். கேபிள் வழியாக வந்தாலும் வைஃபை வழியாக வந்தாலும் எல்லோரும் ஏறுவது அந்த ஒரே பெட்டியில்தான். நாலு மணிக் கூட்டம் வருவதற்கு அரை மணி நேரம். பெட்டியில் எதை மாற்றினாலும் ஒரு தடவை அணைத்துப் போடவேண்டும். அணைத்தால் அதுவே நான்காவது அறுப்பு. ஆகவே அக்காவின் இடைவேளை தொடங்கும் மூன்றே முக்காலுக்குள் மாமா சம்மதிக்கவேண்டும்.

“மாமா, வைஃபை பாஸ்வேர்டை மாத்தணும்.”

“இன்னாத்துக்கு?”

“வெளியில நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கு மாமா. காத்துல கீத்துல பரவியிருக்கும்.”

அவர் பேப்பரை மடித்தார். “அது எம் பேரன் பேரும்மா. பேர மாத்தச் சொல்றியா?”

“பேரு இல்ல மாமா, பாஸ்வேர்டு.”

“ரெண்டும் ஒண்ணுதானே? சம்பந்தி வூட்லேர்ந்து வந்து எம் பேரன் பேர எடுக்கணும்ங்கற.”

அத்தை சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். மணி மூன்று முப்பத்தொன்று. அம்மாவின் குரல் காதில் கேட்டது. எனக்குப் படித்ததெல்லாம் மறந்துபோய் வாயில் ஒரே ஒரு வார்த்தை வந்தது.

“மாமா, இருபத்தேழு வித்தவுட்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த வார்த்தைக்குக் கை தானாகச் சட்டைப் பாக்கெட்டில் பேனாவைத் தேடியது. “எங்க?”

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். அதற்குள் இருபத்தெட்டு ஆகிவிட்டது.

“வண்டி ஓடிக்கினு இருக்கறப்பவே ஏறானா?” என்றார். பிறகு முகம் மாறியது. கையை எடுத்துவிட்டார். “இது வித்தவுட் இல்லம்மா. பாஸு. நான் குடுத்த பாஸு. பேனரு போட்டுக் குடுத்துட்டு, இப்ப செல்லாதுன்னா நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு போய் டீ குடிக்கறது?”

“பாஸு செல்லும் மாமா. ஆனா டவுன் பஸ்ல எத்தினி பேர ஏத்துவீங்க? மேல ஒரு பொண்ணு ஒத்தக் கால்ல தொங்கிக்கினு வர்றா.” மூன்று முப்பத்தெட்டு. “அவங்களுக்குன்னு தனியா ஸ்பெஷல் பஸ் உட்டுடறேன். உங்க பேரன் பேரு, அதே பாஸ்வேர்டு. பேனரை அவுக்கவே வேணாம். அக்காவுக்குச் சும்மா ஒரு மினி பஸ். அதுக்கு வேற பேரு, வேற பாஸ்வேர்டு.”

“ஸ்பெஷல்ல எம்மாம் பேரு போவலாம்?”

“எம்மாம் பேரு வேணா போலாம் மாமா.”

இதை எழுதும்போதும் எனக்கு வெட்கம் வரவில்லை. “அப்ப ஜல்தி பண்ணு,” என்றார் அவர்.

மூன்றே முக்காலுக்கு அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடி வந்தாள். பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைக்கும் வசதி இருக்கும். பேரன் பெயரை அதற்குத் தூக்கிப் போட்டேன். அதில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்கும் கட்டத்தில் ஐந்து என்று அடித்தேன். வீட்டுக்கான புது வைஃபைக்குப் பாஸ்வேர்டு கேட்டது. லேப்டாப்பை அக்கா பக்கம் திருப்பினேன். “உன் இஷ்டம், போடு.”

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு ஒரு கையால் விசைகளை மறைத்துக்கொண்டு இன்னொரு கையால் அடித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். “போடி அந்தாண்ட,” என்றாள்.

“எழுதி வச்சுக்க. மறந்துட்டா பேஜாரு.”

“எம் பேரு எனக்கு மறந்துடுமா?”

பெட்டியை அணைத்துப் போட்டபோது பிளாஸ்டிக் உறையையும் உரித்துவிட்டேன். மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எதுவும் மறுக்கவில்லை. மூன்று ஐம்பத்தாறுக்குப் பச்சை எரிந்தது. நாலு மணிக்கு அக்கா மேஜையில் இருந்தாள். நாலு பத்து வந்தது. படியில் உட்கார்ந்து மாடி அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலே கால் வந்தது. உள்ளே அவள் யாருக்கோ ஆங்கிலத்தில் எலும்பு முறிவின் குறியீட்டை விளக்கிக்கொண்டிருந்தாள். எதிர்ச்சாரியிலிருந்து யாரோ ஒருவர், “இன்னாடா சுத்திக்கினே இருக்குது!” என்று கத்தியது கேட்டது. எனக்கு அவ்வளவு இனிமையாக எந்தச் சத்தமும் அன்று கேட்கவில்லை.

புதன்கிழமை ஆறு மணி வரை லைன் அறுபடவில்லை. அத்தை இரண்டு வேளையும் மிக்சி போட்டார், வேண்டுமென்றே கொஞ்சம் அதிக நேரம்.

அக்கா இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறாள். மாமா அதை ஊரில் எப்படிச் சொல்கிறார் என்றால், மருமகளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவர் வீட்டு லைன்தானாம். வேண்டாம் என்று சொல்லாத மனிதர், வேண்டும் என்று சொன்னதாகவும் கணக்கில் எழுதிக்கொண்டார். அக்காவின் பாஸ்வேர்டை அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவர் போனில் பேரன் பெயர் வைஃபைதான் வேண்டுமாம். பேரன் பெயர் இருக்கும்போது மருமகள் வண்டியில் ஏறுவதா?

அதனால் அவரும் தினமும் அந்த ஐந்து இடத்துக்கு லாரி ஷெட் ஆட்களோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. போன வாரம் எனக்குத் திண்டிவனத்துக்கு போன் செய்தார்.

“ஸ்பெஷல் பஸ்ஸுல எனக்கே எடம் கெடைக்கலம்மா. நாலு மணிக்கு ஒரே சுத்தா சுத்துது. ஒரு தபா வந்து பாத்துட்டுப் போயேன்.”

“பச்சை லைட்டு எரியுதா மாமா?”

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “எரியுது.”

“அப்ப எங்க சைடு ஓகே மாமா,” என்றேன்.